உங்களுக்குத் தெரியுமா? தலைமுடியைவிட மெல்லிய கார் தகடு

பெரிய எஞ்சின் பொருத்திய அமெரிக்க ‘மசில் கார்’ ஒன்றை 1:25 அளவில், அதாவது இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கினால், ஏறத்தாழ 1 மி.மீ. தடிமனுள்ள அதன் உடல் தகடு 0.04 மி.மீ. ஆகி, பெரும்பாலான தலைமுடிகளைவிட மெல்லியதாகிவிடும்.

• ஆகவே இத்தகைய மாதிரிக் கார்களின் பாகங்களைத் தாமே உருவாக்கும் கலைஞர்கள், பாலிஸ்டைரின் எனும் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, கண்ணில் படும் விளிம்புகளை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, முழுத் தகடும் மெல்லியது போன்ற தோற்றத்தை உண்டாக்குகின்றனர்.

• புதுச்சேரி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் காணப்படும் கண்ணாடியிழைப் படகுகள் அச்சில் உருவாவதைப் போலவே, கையால் செய்த ஒரு பாகத்திலிருந்து சிலிக்கோன் ரப்பர் அச்சு எடுத்து, அதில் ரெசின் எனும் இறுகும் பிசினை வார்த்தால் பல நகல்கள் கிடைக்கும்.

• எஞ்சினின் 8 மி.மீ. ஸ்பார்க் பிளக் வயருக்கு ஈடாக, 0.3 மி.மீ. செம்புக்கம்பி ஒன்றே போதும்.