அடைக்கோழியின் தயவு

கோழி வளர்ப்பு என்றதும் இக்காலத்தில் நம் மனக்கண்முன் தோன்றுவது, ஒரே நிறமும் ஒரே வயதும் கொண்ட ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரு கூரையின்கீழ் அடைபட்டிருக்கும் காட்சியே. யாழ்ப்பாணத்து வளவுகளை அறிந்தோர்க்கு வேறொரு காட்சியும் நினைவில் எழும். ஊர்க்கோழியும் வான்கோழியும் தாராவும் கினிக்கோழியும் ஒரே வேலிக்குள் மேய்ந்து, பொழுது சாய்ந்ததும் தத்தம் இடம்தேடி ஒதுங்கும் காட்சி அது. அத்தகைய சிறு பண்ணையொன்றைப் பராமரித்து வருபவன் என்ற முறையில், அக்கலப்புக் குடும்பத்தின் உயிர்நாடி எதுவெனக் கேட்பின், அடை கிடக்கும் ஊர்க்கோழியே என்பேன்.

ஆண்டொன்றுக்கு 300 முட்டைகள் வரை இடும் இனங்களை உருவாக்கியோர், அடை கிடக்கும் இயல்பை அவற்றினின்றும் படிப்படியாக நீக்கினர். அடை கிடக்கும் கோழி முட்டை இடாதாகையால், வணிகக் கணக்கில் அது நட்டம். நம் ஊர்ப் பெண்களும் இக்கணக்கை அறியாதவர்களல்லர். வேண்டாத வேளையில் அடை கொண்ட கோழியைத் தண்ணீரில் தோய்த்து விடுவதும், மூக்கில் இறகைச் செருகி விடுவதும் நம்மிடையே உள்ள வழக்கங்களே. ஆயினும், அவ்வியல்பு வேண்டப்படும் காலமும் வரும் என்பதை அவர்கள் மறந்ததில்லை.

கோழிமுட்டை பொரிக்க 21 நாட்கள் செல்லும். தாரா முட்டைக்கு 28 நாட்கள் வேண்டும். கினிக்கோழி முட்டைக்கு 26 முதல் 28 நாட்கள் வரை ஆகும். ஆகவே, தாரா முட்டையையும் கோழிமுட்டையையும் ஒருங்கே அடை வைக்க விரும்புவோர், முன்னதை ஒரு வாரம் முந்தி வைத்தல் வேண்டும். ஏழாம் நாள் இரவில் முட்டையை விளக்கொளிக்கு எதிரே பிடித்தால், கருக்கொண்ட முட்டையில் சிலந்தி வலைபோல் செந்நரம்புகள் தெரியும். ஒன்றும் தெரியாத வெறுமுட்டையை அகற்றிவிடலாம். முட்டையைப் புரட்டுவதும் சூட்டை அளந்து கொடுப்பதும் கோழியின் பொறுப்பு. பொரிப்புப் பொறி மின்சாரத்தால் செய்யும் அப்பணியை, அது தன் நெஞ்சின் சூட்டினாலேயே செய்து முடிக்கின்றது.

வான்கோழி முட்டையை மாத்திரம் நான் ஊர்க்கோழிக்கு வைப்பதில்லை. கோழியின் குடலில் வாழும் ஒருவகைப் புழுவின் முட்டை வழியாகக் கருந்தலை நோயின் கிருமி வான்கோழியைச் சென்றடையும். கோழி பெரும்பாலும் வாட்டமின்றித் திரியும். வான்கோழியோ ஈரல் புண்ணாகி மடியும். ஆதலால் வான்கோழிக்கு வேறு நிலமும் வேறு கூடும் வேண்டும். வெள்ளைக் கழிச்சல் என நாம் அஞ்சும் இராணிக்கெட் நோயோ, 1926ஆம் ஆண்டில் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் கண்டறியப்பட்டது. இந்நோய் கண்ட தாரா பெரும்பாலும் வாடுவதில்லை. ஆனால் அருகில் மேயும் கோழிக்கு அதனைக் கொடுத்துவிடலாம். எனவே, பல இனங்களைச் சேர்த்து வளர்ப்பவர் தடுப்பு மருந்தில் அசட்டை காட்டலாகாது.

இனவிருத்தியில் கருத்துள்ளோர்க்கு இவ்வளவு ஒரு பள்ளிக்கூடமும் ஆகும். மெண்டலின் மரபுவிதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதை வில்லியம் பேற்சன் 1902இல் நிறுவியது கோழிகளைக் கொண்டே. ரோசாக் கொண்டைக் கோழியையும் பட்டாணிக் கொண்டைக் கோழியையும் தூய வழியில் இணைத்தால், பெற்றோர் இருவரிடமும் இல்லாத புதியதொரு கொண்டையுடன் குஞ்சுகள் தோன்றும். அக்குஞ்சுகள் வளர்ந்து தம்முள் இணைந்தால், அடுத்த தலைமுறையில் ஒற்றைக் கொண்டையும் வெளிப்படும். சராசரியாகப் பதினாறில் ஒன்று. நம் கோழியின் முதன்மையான மூதாதை செங்காட்டுக்கோழி. எனினும் அதன் மஞ்சட் கால், இந்தியாவின் சாம்பற் காட்டுக்கோழி வழியே வந்ததென 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. கலப்பு நம் வளவில் தொடங்கியதன்று.

பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் போதும். சேவலை ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை அயல்வளவுகளோடு மாற்றிக்கொள்ளாவிடின், நெருங்கிய இரத்தம் கலந்து குஞ்சுகள் நலிவுறும். மாற்றிய பின்னரும் பழைய சேவலின் கரு இரண்டு மூன்று வாரங்கள் பேட்டினுள் தங்குமாதலால், அதுவரை முட்டைகளை அடைக்கு எடுக்கலாகாது.

2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது கோழித்தீன் அரிதாயிற்று. பண்ணைகள் பல மூடப்பட்டன. 2023இல் இந்நாட்டுக்கு இந்தியாவிலிருந்து முட்டை வந்தது. பண்ணைக் கோழியின் தாய்க்கோழியே அயல்நாட்டிலிருந்து வரவேண்டியதாயின், கப்பல் தாமதித்தால் நம் அடுப்பும் தாமதிக்கும். அந்நாட்களில் வளவுக்கோழி குருணலையும் கறையானையும் கிளறித் தின்று, தன் குஞ்சைத் தானே பொரித்தது.

பண்ணைகள் வேண்டாம் என்று நான் கூறவில்லை. நகரங்களுக்கு முட்டை தருவன அவையே. ஆனால், அடை கிடக்கும் குணம் ஓர் ஊரில் அற்றுப்போனால், அதை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. ஆசிரியர்கள் பாடசாலைத் தோட்டத்தின் ஒரு மூலையில் நான்கு ஊர்க்கோழிகளையேனும் வளர்ப்பிக்கட்டும். மரபுவிதியை மாணவர் ஏட்டிலன்றி முட்டையோட்டிலேயே கண்டறிவர். நம் இனமும் நிலைக்கும்.