ஆட்டமா, விளையாட்டா?

நுழையும்முன்

களத்தில் ஓடுவோரும் மோதுவோரும் வீரர்கள் எனப்படுகின்றனர். அதே உழைப்போடு தாளத்திற்கேற்ப ஆடுவோர் கலைஞர்கள் எனப்படுகின்றனர். இவ்விருவரையும் பிரிக்கும் கோடு எங்கே உள்ளது? அதை வரைபவர் யார்? மேலைநாட்டு உற்சாக ஆட்டத்தையும் தமிழ்மண்ணின் சிலம்பத்தையும் முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

கும்மியும் கபடியும்

காவிரியின் ஒரு கரையில் ஈரோடு. மறுகரையில் நாமக்கல் மாவட்டத்தின் பள்ளிபாளையம். விசைத்தறிகள் நிறைந்த இவ்வூரும் அதைச் சூழ்ந்த கொங்குநாட்டு ஊர்களும் வள்ளி கும்மியை நன்கறிந்தவை. கோவில் விழாக்களில் ஆசிரியர் வள்ளி திருமணக் கதையைப் பாட, ஆடுவோர் கைகொட்டி, அடிமாற்றி, குனிந்து நிமிர்ந்து ஆடுவர். ஆட்டம் மணிக்கணக்கில் நீள்வதும் உண்டு. ஒருவர் அடி பிசகினால் வரிசையே குலைந்துவிடும்.

மூச்சடக்கம், கால்வலிமை, நினைவாற்றல், கூட்டிணக்கம் ஆகியன இவ்வாட்டத்திற்கு இன்றியமையாதவை. கபடி ஆடும் மாணவிக்கும் இவையே வேண்டும். ஆயினும் கபடியில் பரிசு பெற்றவர் விளையாட்டு ஒதுக்கீட்டில் வாய்ப்புக் கோரலாம். கும்மி ஆடுபவருக்கு அவ்வொதுக்கீட்டில் இடமில்லை. உடலுழைப்பு மட்டுமே ஒன்றை விளையாட்டாக்கிவிடுவதில்லை என்பது இதனால் விளங்கும்.

உற்சாக ஆட்டத்தின் இரு முகங்கள்

இதே சிக்கலை மேலைநாடுகள் 'சியர்லீடிங்' என்னும் உற்சாக ஆட்டத்தில் சந்தித்தன. 1898ஆம் ஆண்டு அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகக் கால்பந்து ஆட்டமொன்றில் ஜானி கேம்ப்பெல் என்னும் மாணவர் பார்வையாளர்முன் நின்று முழக்கங்களை முன்னெடுத்தார். இதுவே அவ்வாட்டத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. முதலில் ஆடவர் கலையாக இருந்த இது, பிற்காலத்தில் பெண்கள் பெரும்பான்மையாகப் பங்கேற்கும் ஆட்டமாயிற்று. இந்தியர் பலர் இதனை 2008இல் தொடங்கிய ஐ.பி.எல். மட்டைப்பந்துப் போட்டிகளின் வாயிலாகவே அறிந்தனர். எல்லைக்கோட்டிற்கு வெளியே நின்று ஆடுவோரை மட்டும் கண்டவர்கள், அதை வெறும் அலங்காரம் என்றே எண்ணினர்.

அதற்கு மற்றொரு முகமும் உண்டு. போட்டிக்கென ஆடும் அணியினர் எந்த அணிக்கும் ஆதரவு தெரிவிப்பதில்லை. ஏறத்தாழ இரண்டரை நிமிடங்களுக்குள் ஒருவர் தோள்மீது ஒருவர் ஏறிக் கோபுரம் அமைக்கின்றனர். ஒருவரை உயரே வீசிக் கைகளில் ஏந்துகின்றனர். தரையில் தொடர்ந்து கரணமடிக்கின்றனர். நடுவர்கள் கடினம், துல்லியம், ஒத்திசைவு ஆகியவற்றிற்கு மதிப்பெண் இடுகின்றனர்.

நீதிமன்றத்தில் ஒரு வினா

அமெரிக்காவின் குவின்னிபியாக் பல்கலைக்கழகம் தன் மகளிர் கைப்பந்து அணியைக் கலைத்துவிட்டு, உற்சாக ஆட்ட அணியை மகளிர் விளையாட்டணியாகக் கணக்கிட முயன்றது. கைப்பந்து வீராங்கனைகளும் அவர்தம் பயிற்றுநரும் வழக்குத் தொடுத்தனர். 2010இல் அவ்வாட்டத்தை விளையாட்டாகக் கணக்கிட இயலாது எனத் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டிலும் 2012இல் அத்தீர்ப்பே உறுதியாயிற்று.

ஆடுவோரின் உடல்திறனை நீதிமன்றம் ஐயுறவில்லை. எல்லாப் போட்டிகளுக்கும் பொதுவான விதிகள் இல்லை. முறையான போட்டிக்காலமும் அமையவில்லை என்பனவே தீர்ப்பின் காரணங்கள். இக்குறைகள் நீங்கினால் வருங்காலத்தில் அது விளையாட்டாகலாம் என்றும் நீதிமன்றம் கருதியது. பின்னர்ப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு, இவ்வாட்டத்தின் பன்னாட்டுக் கூட்டமைப்பிற்கு 2016இல் தற்காலிக ஏற்பும் 2021இல் முழு ஏற்பும் வழங்கியது. ஏற்புப் பெறுவது வேறு. ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெறுவது வேறு என்பதையும் மனத்தில் கொள்ளவேண்டும்.

தெரியுமா?

1912 முதல் 1948 வரை ஒலிம்பிக் விழாக்களில் கட்டடக்கலை, இலக்கியம், இசை, ஓவியம், சிற்பம் ஆகியவற்றிற்கும் பதக்கங்கள் வழங்கப்பட்டன. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 'பிரேக்கிங்' என்னும் தெருநடனம் போட்டியாக நடைபெற்றது.

அழகுக்கு மதிப்பெண் இடலாமா?

"ஓட்டத்தைக் கடிகாரம் அளக்கும், தாண்டுதலை அளவுநாடா அளக்கும், ஆட்டத்தின் அழகை எது அளக்கும்?" என்பது மறுப்போர் எழுப்பும் வினா. இதில் நியாயம் உண்டு. எனினும் ஜிம்னாஸ்டிக்ஸ், நீர்ப்பாய்ச்சல் ஆகியவற்றிலும் நடுவர்களே மதிப்பெண் இடுகின்றனர். இசைக்கேற்ப நீரில் ஆடும் கலைநீச்சல் 1984 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றுள்ளது. ஆகவே, நடுவரின் கண்ணால் அளக்கப்படுவதாலேயே ஒன்று விளையாட்டன்று எனத் தள்ளிவிட இயலாது. அந்தக் கண்ணுக்கு முன்கூட்டியே வகுத்த பொதுவிதிகள் உண்டா என்பதே பார்க்கவேண்டியது.

சிலம்பம் காட்டும் வழி

இவ்வினாவுக்குத் தமிழ்நாட்டில் தெளிவான சான்றாகத் திகழ்வது சிலம்பம். திருவிழா ஊர்வலத்தில் கம்பு சுழற்றும்போது அது காண்போரை மகிழ்விக்கும் கலை. அதே கம்பு, வரையறுத்த வட்டத்திற்குள், எடைப்பிரிவும் வயதுப்பிரிவும் வகுத்து, எதிராளியின் உடலைத் தொட்டுப் புள்ளி பெறும்போது விளையாட்டாகிறது. எதிராளியின்றித் தனித்துச் சுற்றிக் காட்டும் பிரிவும் போட்டியில் உண்டு. அதற்கு நடுவர்களே மதிப்பெண் இடுகின்றனர்.

அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்க்கப்படும் எனத் தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. யோகாசனத்தை இந்திய அரசு 2020இல் போட்டி விளையாட்டாக ஏற்றது. கம்பத்தில் ஏறி உடலை வளைத்துக் காட்டும் மல்லகம்பமும் இன்று தேசியப் போட்டிகளில் ஆடப்படுகிறது.

பெயரால் விளையும் பயன்

'விளையாட்டு' என்னும் பெயர் கிடைத்தால் பயிற்றுநர், களம், நிதி, சான்றிதழ், வேலைவாய்ப்பு ஆகியன பின்தொடரும். இவற்றினும் முதன்மையானது பாதுகாப்பு. உயரே வீசப்படுபவர் தவறி விழுந்தால் தலையும் முதுகெலும்பும் காயமுறக்கூடும். ஆகவேதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012இல் உற்சாக ஆட்டத்தை விளையாட்டாக ஏற்கப் பரிந்துரைத்தது. அவ்வாறு ஏற்றால் தகுதிபெற்ற பயிற்றுநரும் மருத்துவக் கவனிப்பும் ஆடுவோருக்குக் கிடைக்கும் என்பது மருத்துவர்களின் கருத்து.

பெறுவதற்கு ஈடாக இழப்பதும் உண்டு. போட்டியாகும் ஆட்டத்திற்குக் காலவரம்பு வரும். ஊருக்கு ஊர் வேறுபடும் அடவுகள் ஒரே அச்சில் வார்க்கப்படும். சிறுமியும் பாட்டியும் ஒரே வரிசையில் நின்று ஆட இடமிராது. வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பன் அவர்களுக்கு 2024இல் பத்மஸ்ரீ விருது கலைத்துறையில்தான் வழங்கப்பட்டது. விளையாட்டு என்னும் பெயரின்றியே ஒரு கலை உயர்ந்த மதிப்பைப் பெறமுடியும் என்பதற்கு இது சான்று.

தமிழின் பார்வை

கரகாட்டம், ஒயிலாட்டம் என நடனத்தையும், சதுரங்க ஆட்டம், பம்பர ஆட்டம் என விளையாட்டையும் ஒரே சொல்லால் சுட்டுவது தமிழ் மரபு. உவகை பிறக்கும் நான்கு களங்களுள் ஒன்றாக விளையாட்டைக் குறிக்கிறது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். இரண்டிற்கும் வேர் ஒன்றே எனினும் இன்றைய நிறுவன உலகில் பயன்கள் வேறுபடுகின்றன.

ஆகவே, ஓர் ஆட்டத்தின் பெயரை மட்டும் கேட்டு அது விளையாட்டா என முடிவு செய்ய இயலாது. உடல்திறனே முதன்மையா, பொதுவிதிகள் உண்டா, வெற்றி தோல்வியே அதன் நோக்கமா, நடுவர் முறை நடுநிலையானதா என்னும் நான்கு வினாக்களை எழுப்பவேண்டும். எல்லைக்கோட்டில் நின்று ஊக்குவிக்கும் உற்சாக ஆட்டம் இவற்றிற்கு உட்படுவதில்லை. போட்டிமேடையில் ஆடப்படுவது உட்படுகிறது. எனவே பின்னதை விளையாட்டாக ஏற்பதே முறை. முன்னதை ஆடுவோருக்கும் தகுந்த பயிற்சியும் பாதுகாப்பும் மதிப்பும் உரியன. ஒருவரின் உழைப்பை மதிப்பதற்கு அவர் வீரரா, கலைஞரா என்று அறியவேண்டியதில்லை.