சர்க்கரையில்லா ஐஸ்கிரீம் சாப்பிடலாமா?



சித்திரை வெயிலில் ஜிகர்தண்டா கடையைத் தாண்டிப் போவது மதுரையில் யாருக்கும் கடினம்; நீரிழிவுக்காரருக்கோ பெரும் சோதனை. சுண்டிய பால், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் மூன்றிலும் சர்க்கரை உண்டு. (பாதாம் பிசினை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை!)

ஆகவே அநேகர் "சர்க்கரை சேர்க்காத" ஐஸ்கிரீமைத் தேடுகிறார்கள். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள் என்கிறோம். பாலிலேயே உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை அதிலும் இருக்கும். இனிப்புக்குச் சேர்க்கும் மால்டிடாலும் இரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றும். மிகுந்தால் வயிற்றுப்போக்கு வரும்.

"கொழுப்பு குறைந்தது" என்பது வேறு. இந்திய விதிப்படி அதில் பால் கொழுப்பு 2.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சாதாரண ஐஸ்கிரீமில் குறைந்தது 10. கலோரி குறையும், சர்க்கரை குறையவேண்டுமென்பதில்லை.

ஒன்று முக்கியம். இன்சுலின் போடுகிறவருக்குச் சர்க்கரை தாழ்ந்து வியர்த்து நடுங்கும்போது இந்த ஐஸ்கிரீம் உதவாது. உடனே குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுங்கள். நினைவிழந்தவருக்கு வாயில் எதுவும் புகட்டாமல் மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.