வளைவின் வழியே துண்டுக்கோடு

முதலாம் ஆண்டில் வந்து சேரும் பிள்ளையின் கையில் எழுதுகோலைக் கொடுத்து, 'அ' எழுது என்றால் உடனே எழுதிவிடாது. முதலில் ஆசிரியரின் கை பிள்ளையின் கையைப் பற்றி நடத்துகின்றது. அடுத்து, விட்டுவிட்டு அச்சிட்ட கோட்டின்மேல் பிள்ளை தானே எழுதிப் பழகுகின்றது. வெறுந்தாளில் எழுதும் துணிவு அதன் பின்னரே பிறக்கின்றது. நடுவிலுள்ள அந்தப் படிக்கு உதவும் கோட்டினையே இங்குத் துண்டுக்கோடு என்கிறோம். சிறு கீற்று, சிறு இடைவெளி, மறுபடியும் கீற்று என்று அது செல்லும்.

இதைப்பற்றிக் கட்டுரை எழுதவும் வேண்டுமோ என்று சிலர் எண்ணக்கூடும். மலாய்ப் பாடத்திலும் ஆங்கிலப் பாடத்திலும் வரும் உரோம எழுத்துகளுள் பல நேர்கோடுகளால் ஆனவை. நேர்கோட்டைத் துண்டாக்க அடிக்கோலும் பென்சிலும் போதும். தமிழிலோ 'ட', 'ப' போன்ற சிலவற்றை நீக்கிப் பார்த்தால், எஞ்சியவை பெரும்பாலும் வளைவும் சுழியுமாகவே உள்ளன. 'மூன்று சுழி ண', 'இரண்டு சுழி ன' என்று சுழியை எண்ணி எழுத்துக்குப் பெயர் சொல்லுகிறவர்கள் நாம். பயிற்சித்தாளில் ஒரு சுழியின்மேல் இடைவெளி விழுந்து, அச்சுழி கண்ணுக்குத் தெரியாமற் போனால் பிள்ளை என்ன செய்யும்? மூன்று சுழியை இரண்டாகவே எழுதிப் பழகும். பின்னர் 'மணம்' என்பது 'மனம்' ஆகிவிடும். 'பணி' என்பது 'பனி' ஆகிவிடும். ஏழு வயதில் கையில் படிந்துவிட்ட பழக்கத்தைப் பதினொரு வயதில் மாற்றுவது எத்துணைக் கடினம் என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர்.

பெற்றோர் சிலர், வீட்டிலுள்ள கணினியில் தாங்களே இத்தகைய தாள்களை ஆக்கிப் பிள்ளைக்குத் தரலாமா என்று நம்மைக் கேட்டதுண்டு. தாராளமாகத் தரலாம். ஆயினும் துண்டுக்கோடு வளைவில் எவ்வாறு செல்லுகின்றது என்பதை அறிந்துகொண்டு செய்தல் நலம்.

முதலில் அளவைப் பார்ப்போம். மலைச்சரிவில் ரப்பர்க் கன்று நட்ட அனுபவம் தோட்டத்துப் பெரியவர்கள் பலருக்கு உண்டு. சரிவின் குறுக்கே ஒரே மட்டத்தில் வளைந்து வளைந்து செல்லும் தளங்களை வெட்டி, அவற்றின்மேல் கன்றுக்குக் கன்று ஒரே இடைவெளி விட்டு நடுவார்கள். அப்போது அளவுக்கயிறு தளத்தின் வளைவோடு படிந்து செல்ல வேண்டும். பள்ளத்துக்குக் குறுக்கே கயிற்றை நேராக இழுத்துப் பிடித்தால், கயிற்றில் அளவு சரியாக இருக்கும். தளத்திலோ கன்றுகள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் நிற்கும். உயரத்திலிருந்து நோக்கினால் அந்த மரவரிசையே வளைவின் வழியே இட்ட துண்டுக்கோடுதான். தையல் தெரிந்த தாய்மார்கள் துணியில் வளைவைக் குறிக்கப் பற்சக்கரம் ஒன்றை உருட்டுகிறார்கள் அல்லவா? சக்கரம் கோட்டின்மேலேயே உருண்டு செல்வதால், புள்ளிகள் தாமாகவே சம தூரத்தில் விழுகின்றன. கணினியும் இந்தக் கணக்கையே செய்தாக வேண்டும்.

கணினியில் வளைவு வரைய உதவும் முறைக்குப் பெசியே வளைவு என்று பெயர். பிரான்சு நாட்டு ரெனோ மோட்டார் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த பியேர் பெசியே என்பவர் 1960-களில் கார்களின் உடலை வடிவமைக்க இதனைப் பயன்படுத்திப் பரப்பினார். அதே நாட்டின் சித்ரோயென் நிறுவனத்தில் பணியாற்றிய பால் தெ காஸ்தெல்ஜோ என்பவர் இம்முறையை 1959-ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தார். ஆனால், அவருடைய நிறுவனம் அதை வெளியிடாமல் வைத்திருந்தமையால் பெயர் மற்றவருக்குப் போயிற்று. இம்முறையில் வளைவின் இரு முனைகளிலும் இரண்டு நிலைப்புள்ளிகளை வைக்கிறோம். ஒவ்வொரு நிலைப்புள்ளிக்கும் ஒரு கைப்பிடி உண்டு. கைப்பிடியை இழுத்தால் கோடு அப்பக்கமாக வளைந்து கொடுக்கும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வளைவான தோட்டப் பாதையில் மோட்டார் சைக்கிளில் செல்லும் ஒருவர், பத்து வினாடிக்கு ஒரு கல்லாகப் போட்டுக்கொண்டே போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேகம் குறையும் திருப்பத்தில் கற்கள் நெருங்கி விழும். வேகம் கூடும் இடத்தில் அகன்று விழும். பெசியே வளைவின் கணக்கும் அத்தகையதே. கணக்கில் சம பங்காகப் பிரித்தால், தாளில் சம தூரம் கிடைக்காது. ஆதலால் துண்டுக்கோடு இடும் மென்பொருள், வளைவை மிகச் சிறிய நேர்கோடுகளாக உடைத்து, அவற்றின் நீளங்களைக் கூட்டிக்கொண்டே சென்று, குறித்த தூரம் வந்ததும் கீற்றை நிறுத்துகின்றது. மாணவர்கள் இதை ஒரு நூலைக் கொண்டே செய்து பார்க்கலாம். தாளில் பெரிய 'ழ' ஒன்றை எழுதி, அதன்மேல் நூலைப் படியவைத்து, பிறகு நூலை நிமிர்த்தி அடிக்கோலால் அளந்தால் அவ்வெழுத்தின் உண்மையான நீளம் தெரிந்துவிடும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். 'கிம்ப்' என்னும் படத்திருத்த மென்பொருளை நாம் பரிந்துரைக்கிறோம். 1995-ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்து மாணவர் இருவர், ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்போர், இதனை ஆக்கத் தொடங்கினர். இன்றும் எவரும் விலையின்றிப் பெறலாம். தோட்டத்துக் குடும்பங்களுக்கு இது ஒரு பெரிய வசதி.

பலர் தடுமாறும் இடம் தொடக்கத்திலேயே உள்ளது. எழுத்தைத் தட்டச்சுச் செய்து, அதையே கோடாக மாற்றித் துண்டுக்கோடு இட்டால், கீற்றுகள் எழுத்தின் நடுவே செல்லா. எழுத்தின் வெளி விளிம்பைச் சுற்றி ஓடும். இணையத்தில் கிடைக்கும் ஆயத்தத் தாள்கள் சிலவும் இப்படித்தான் உள்ளன. அதனைப் பார்த்து எழுதும் பிள்ளை விளிம்பைச் சுற்றிச் சுற்றி வரையுமேயன்றி எழுத்தை எழுதாது. ஆகவே, தட்டச்சுச் செய்த எழுத்தை வெளிறிய நிறத்தில் அடியில் வைத்துக்கொண்டு, 'பாத்ஸ்' என்னும் கருவியால் அதன் நடுவே நாமே வளைவுகளை இட்டுச் செல்ல வேண்டும். கை எங்கே எழுதத் தொடங்குமோ அங்கேயே முதல் நிலைப்புள்ளியை வைத்தல் வேண்டும். கீற்றுகளும் அங்கிருந்துதான் தொடங்கும். பாதை முடிந்ததும் அடியிலுள்ள எழுத்தை மறைத்துவிட்டு, 'எடிட்' பட்டியிலுள்ள 'ஸ்ட்ரோக் பாத்' என்பதைத் தேர்ந்தால் ஒரு பெட்டி திறக்கும். அதில் 'லைன் ஸ்டைல்' என்னும் பகுதியை விரித்தால் 'டேஷ் பேட்டர்ன்' என்ற அமைப்பைக் காணலாம். நீண்ட கீற்று, குறுங்கீற்று, புள்ளி என ஆயத்த வகைகளும் உண்டு. நாமே கட்டங்களை நிரப்பியும் அமைத்துக்கொள்ளலாம்.

ஏ4 தாளுக்கு, அங்குலத்துக்கு 300 படப்புள்ளி வீதம், 2480-க்கு 3508 என்ற அளவில் படத்தைத் திறந்தால், ஏறத்தாழ 12 படப்புள்ளி ஒரு மில்லிமீட்டர் ஆகும். கோட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டர் இருந்தால் போதும். கீற்றின் நீளத்தைக் கிம்ப் கோட்டின் தடிமனைக்கொண்டே கணக்கிடுகின்றது. தடிமனை இரு மடங்காக்கினால் கீற்றும் இடைவெளியும் இரு மடங்காகும். இதை அறியாதவர், கோட்டை மட்டுமே தடித்தேன், கீற்று ஏன் நீண்டது என்று வியப்பர். கீற்றின் முனை உருண்டையாக இருக்கவேண்டும் என்று 'கேப் ஸ்டைல்' பகுதியில் குறித்தால், ஒவ்வொரு முனையும் தடிமனில் பாதியளவு வெளியே நீளும். 2 மில்லிமீட்டர்க் கீற்று 3 ஆகும். 2 மில்லிமீட்டர் இடைவெளி 1 ஆகச் சுருங்கும். உருண்டை முனையே பார்வைக்கு அழகு. ஆயினும் இடைவெளியைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வட்டம் வரையும்போது இன்னொரு சிக்கல் எழும். கணிதப் பாடத்துக்குக் கடிகார முகம் ஒன்று வேண்டும் என்க. ஆரம் 35 மில்லிமீட்டர் என்றால், 22/7 என்ற மதிப்பின்படி சுற்றளவு 220 மில்லிமீட்டர். கீற்று 6, இடைவெளி 4, ஆகமொத்தம் 10 என்று வைத்தால், சரியாக 22 கீற்றுகள் அமைந்து முடிவும் தொடக்கமும் பொருந்தும். ஆரத்தை 36 ஆக்கினால் சுற்றளவு 226 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 22 கீற்றுகள் போக மீந்த 6 மில்லிமீட்டரிலும் ஒரு கீற்று விழுந்து, முதற்கீற்றோடு ஒட்டி, அந்த ஓரிடத்தில் மட்டும் 12 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு தோன்றும். சுற்றளவைக் கீற்றும் இடைவெளியும் சேர்ந்த நீளத்தால் வகுத்து, மீதி வராதபடி பார்த்துக்கொண்டால் இக்குறை நேராது. மீதியின்றி வகுத்தல் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் மாணவர்களுக்கு இஃது ஒரு விடை.

சுழிகளில்தான் முழுக் கவனமும் வேண்டும். 8 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சுழியின் சுற்றளவு 25 மில்லிமீட்டர் அளவே. கடிகாரத்துக்கு வைத்த 6-க்கு 4 என்ற அமைப்பை இதற்கும் வைத்தால், இரண்டரைக் கீற்றுகள்தாம் கிடைக்கும். பெரியவர்களின் கண் அதைச் சுழியென்று ஊகித்துக்கொள்ளும், ஏனெனில் நமக்கு அவ்வெழுத்து முன்பே தெரியும். தெரியாத பிள்ளைக்கு அவை சிதறிய குச்சிகளே. கீற்று 2, இடைவெளி 2 என்று குறைத்தால் ஆறு கீற்றுகள் சுழியைச் சூழ்ந்து நின்று அதன் உருவத்தைக் காட்டும். 'ண' எழுத்தில் சுழிகளை மட்டும் தனிப் பாதைகளாகப் பிரித்து, அவற்றுக்குக் குறுங்கீற்றும் எஞ்சிய பகுதிக்குச் சற்று நீண்ட கீற்றும் இடுவது நம் வழக்கம். முனைகளுக்கும் இது பொருந்தும். 'ட'வின் மூலையில் இடைவெளி விழுந்தால் பிள்ளை மூலையை வளைத்துவிடும். மூலையில் பாதையைத் துண்டித்து அங்கிருந்து புதிய பாதையாகத் தொடங்கினால், கீற்றும் மூலையிலேயே புதிதாகத் தொடங்கும்.

வீட்டில் தாத்தா பாட்டியர் எழுதிக் காட்டும் 'ணை', 'லை', 'னை' முதலிய எழுத்துகள் துதிக்கை போன்ற பழைய கொம்போடு இருக்கக்கூடும். 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்னர் அச்சிலும் அவ்வடிவமே வழங்கியது. அது பிழையன்று, ஆயினும் பயிற்சித்தாளில் பாடநூலிலுள்ள வடிவத்தையே இடுக.

அச்சிடும்போது, தாளுக்கேற்பப் படத்தைச் சுருக்கும் அமைப்பை நீக்கிவிடவேண்டும். இல்லையேல் அளந்து வைத்த இடைவெளிகளும் சுருங்கிவிடும். முதல் தாளை அச்சிட்டவுடன் பத்துப் பிரதிகள் எடுக்காமல், ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்து, எழுதும் கையை அருகிலிருந்து பாருங்கள். கை எங்கே தயங்கி நிற்கின்றதோ அங்கே இடைவெளி தவறான இடத்தில் விழுந்துள்ளது என்று கொள்ளலாம். 'ண', 'ன', 'ழ', 'ஞ', 'ஐ' ஆகிய எழுத்துகளுக்கு நாம் ஆக்கிய கோப்புகள் பள்ளி அலுவலகக் கணினியில் உள்ளன. பெற்றோர்கள் பென்டிரைவ் கொண்டு வந்தால் பதிவு செய்து தரப்படும். கணினி இல்லாதோர்க்கு அச்சிட்ட தாளாகவே கொடுக்கிறோம்.