பேனலுக்கு முன் தளம்

வீட்டு மாடியில் சூரிய மின்பலகை (பேனல்) போட மானியம் தரும் பி.எம். சூர்ய கர் திட்டம் 2026-27 நிதியாண்டோடு முடிகிறது. 2027 மார்ச் 31 தான் எல்லை. கடத்தூர்ப் பக்கத்து வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம்: கீழே கடை, மேலே வீடு, பழைய மெத்தைக் கட்டடம். மானியம் உண்டா?

உண்டு, மாடி வீட்டு மின் இணைப்புக்கு மட்டும். முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000, அதிகபட்சம் 78,000. விளம்பரங்களில் வரும் 'மாதம் 300 யூனிட் இலவசம்' என்பது அரசு அனுப்பும் மின்சாரம் அல்ல. மானியம் போக மீதியை உரிமையாளரே போட்டுத் தன் மாடியில் தயாரித்துக்கொள்வது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பேனலுக்குப் பணம் தரும் திட்டம், அதைத் தாங்கும் தளத்துக்கு ஒரு ரூபாயும் தருவதில்லை. அதனால் ஒழுகும் தளத்தின் மீதே பேனல் ஏறிவிடுகிறது. பேனலுக்கு ஆயுள் 25 ஆண்டு. ஐந்தாம் ஆண்டில் தளம் பெயர்ந்தால், கழற்றி மாட்டும் செலவு வீட்டுக்காரர் தலையில்.

முதலில் கருவி, பிறகு கட்டடம் என்ற இந்த வரிசையை நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் திருப்பிப் போட்டது. 1931-இல் திறந்த அந்தக் கட்டடத்தில் அலுவலகங்கள், கடைகள், பார்வை மாடம் எல்லாம் உண்டு. 2009-இல் அறிவித்த சீரமைப்பில், குளிரூட்டும் இயந்திரங்களைப் புதிதாக வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி எழுந்தது: உள்ளே இவ்வளவு வெப்பம் ஏன் வருகிறது? 6,514 ஜன்னல்களைக் கழற்றி, கட்டடத்துக்குள்ளேயே ஒரு பட்டறை அமைத்து, பழைய கண்ணாடிகளுக்கு நடுவே வெப்பம் தடுக்கும் படலம் வைத்துத் திரும்பப் பொருத்தினார்கள். தேவை குறைந்ததால் பழைய இயந்திரங்களைப் புதுப்பித்தாலே போதுமென்றாயிற்று. மின்சாரம் உள்ளிட்ட எரிசக்திப் பயன்பாட்டில் 38 விழுக்காட்டைக் குறைப்பது இலக்கு.

கடத்தூருக்கும் இதே கணக்குதான். தளத்தின் விரிசலை அடைத்து, வெள்ளைப் பூச்சோ கூலிங் டைல்ஸோ போட்டால் மேல்வீட்டில் ஏ.சி. ஓடும் நேரம் குறையும். மூன்று கிலோவாட் வேண்டிய இடத்தில் இரண்டே போதலாம். ஆனால் மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 தரும் அரசு, அதைத் தேவையற்றதாக்கும் பூச்சுக்கு எதுவும் தருவதில்லை.

கட்டடம் பழையது என்று தயங்க வேண்டாம். அதை இடிக்காமலே சீர்செய்து புது வேலைக்கு விடலாம் என்பதற்குச் சென்னையில் சாட்சி உண்டு. 2012 ஜனவரியில் தீயில் சிதைந்த சேப்பாக்கம் கலச மகால் மீட்டெடுக்கப்பட்டு, தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு இடமாயிற்று.

மற்ற கேள்விகள்:

கடை இணைப்புக்குப் பேனல்? போடலாம், மானியம் கிடையாது.

வாடகைக்கு விட்ட வீடு? செலவு உரிமையாளருக்கு, பில் குறைவது குடியிருப்பவருக்கு; ஒப்பந்தத்திலேயே பேசிக்கொள்ளுங்கள்.

வீட்டைக் கடையாக்கினால்? மின்கட்டண வகையும் சொத்து வரியும் மாறும்.

மானியம் எப்போது? பேனல் ஓடத் தொடங்கிய பிறகே வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுத்தொகையையும் உரிமையாளரே ஏற்பாடு செய்ய வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு கொத்தனாரை மாடிக்கு அழைத்துத் தளத்தைக் காட்டிவிடுங்கள்.