சொல்தாவின் மெடலும் சர்க்கார் ஏடும்

புதுச்சேரிவாசிகளுக்குச் "சொல்தா" என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவை செய்து, பென்ஷனுடன் ஊர் திரும்பிய சிப்பாய்க்கு அவ்வூர் ஜனங்கள் வைத்த பெயர் அது. முதல் உலக யுத்தத்தில் உயிர் துறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1937-ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற நினைவுச் சின்னம், கடற்கரைச் சாலையில் மகாத்மா காந்தியின் சிலைக்கு எதிர்ப்புறம் நிற்கிறது. ஜூலை 14-ஆம் தேதியன்று அங்கே கூடுவோர் மூத்த சொல்தாக்களின் மார்பில் தொங்கும் மெடல்களைப் பார்த்து, அழகான நாடாக்கள் என்று வியந்து போவதுண்டு. ஆனால் அந்த ஒவ்வொரு நாடாவுக்கும் பின்னால், எங்கோ ஓர் அலுவலகத்து ஏட்டில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரி பிசகினால் மெடலும் இல்லை. பல சமயங்களில் அதைச் சார்ந்த உரிமையும் இல்லை. பிசகிய வரியைத் திருத்துவது எவ்வளவு நியாயமான காரியம், அதை எவ்வாறு செய்வது என்பதையே இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

மெடல்கள் இரண்டு வகைப்படும். முதல் வகை வீரச் செயலுக்கு அளிப்பது. 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பிரான்ஸ் ஏற்படுத்திய யுத்தச் சிலுவை அத்தகையது. தளபதி கண்டு, மெச்சி, எழுதினால்தான் அது கிடைக்கும். இரண்டாவது வகை படையெடுப்பு மெடல். இதற்கு யாருடைய மெச்சுதலும் தேவையில்லை. இன்ன போர்முனையில் இத்தனை நாள் இருந்தான் என்பதே போதும். இந்தோசீன யுத்தத்திற்காக 1953-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஏற்பட்ட நினைவு மெடலுக்கு 90 நாள் சேவை என்பது விதி. 1930-ஆம் ஆண்டு முதல் வழங்கப்பெறும் போர்வீரர் சிலுவையும், அதற்கு ஆதாரமான போர்வீரர் அட்டையும் போர்ப் படையில் கழித்த நாட்களை எண்ணியே வருகின்றன. காயம் பட்டவருக்கு அந்த நாள் கணக்குத் தடையில்லை. ஆகவே படையெடுப்பு மெடல் என்பது தயவு கூர்ந்து தரும் பரிசு அன்று; கணக்குப் பார்த்துத் தீர்க்க வேண்டிய பாக்கி.

கணக்கு என்றால் ஏடு வேண்டும். வகுப்பில் வருகைப் பதிவேடு வைத்திருக்கும் என் போன்ற உபாத்தியாயர்களுக்கு ஏட்டின் குணம் நன்றாகத் தெரியும். பையன் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தாலும், ஏட்டில் வராதவன் என்று விழுந்துவிட்டால் அவன் வராதவன்தான்! சிப்பாயின் கதியும் அதுவே. பிரெஞ்சுக்காரர் கையெழுத்தில் ஒன்று என்ற எண்ணுக்கு மேலே நீளமாக ஒரு கொக்கி உண்டு. பழகாத கண்ணுக்கு அது ஏழாகவே தோன்றும். மார்ச் 1-ஆம் தேதி போர்முனைக்குச் சென்று ஜூன் 1-ஆம் தேதி மீண்ட ஒருவனை எடுத்துக்கொள்வோம். இரு தேதிகளையும் சேர்த்தால் அவன் கணக்கு 93 நாள். பிரதி எடுக்கும் குமாஸ்தா முதல் தேதியை 7 என்று எழுதிவிட்டால் கணக்கு 87 ஆகிறது. ஒரு கொக்கியில் ஒரு மெடல் போய்விடுகிறது.

எண்களைக் காட்டிலும் பெயர்கள் விளைக்கும் சங்கடம் பெரிது. பிரெஞ்சு ஏட்டில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம். நம்மவர்க்கோ குடும்பப் பெயர் என்பதே இல்லை. சின்னசாமியின் மகன் இராமசாமி ஒரு காரியாலயத்தில் சின்னசாமிக் குடும்பத்தவனாகவும், இன்னொரு காரியாலயத்தில் இராமசாமிக் குடும்பத்தவனாகவும் பதிவாகிறான். எழுத்துக் கூட்டல் எழுதியவர் காதுக்கு எட்டியபடி. இது போதாதென்று 1881-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் தேதிய ஆணையும் சேர்ந்துகொண்டது. அந்த ஆணையின்படி, பரம்பரைச் சட்ட வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிய குடும்பப் பெயர் பூண்டார்கள். செருப்பணிந்து நியாயஸ்தலத்துக்குள் சென்று 1873-இல் பெருங் கிளர்ச்சிக்குக் காரணமான வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, லபோர்த் என்று பெயர் பூண்டதை ஊரறியும். தகப்பனார் பெயர் தமிழ், மகன் பெயர் பிரெஞ்சு, ஞானஸ்நானப் பெயர் வேறு என்று ஒரே குடும்பத்தில் மூன்று பெயர்கள் இருந்தால், கடல் கடந்த காரியாலயத்துக் குமாஸ்தா என்ன செய்வார்? மூவரும் மூன்று மனிதர் என்றே கொள்வார்.

பிறகு கொடி மாறியது. 1954-ஆம் ஆண்டு மே 7-ஆம் தேதி தியன் பியன் பூ வீழ்ந்தது; ஜூலையில் ஜெனீவாவில் சமாதானம் ஏற்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் பாரதத்துடன் இணைவதை ஆதரித்தனர். நவம்பர் முதல் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் நம் கைக்கு வந்தது. இந்தோசீனத்திலிருந்து கப்பலேறித் தாமதமாய் வந்த சொல்தா, தான் புறப்பட்டபோது இருந்த கொடியைத் துறைமுகத்தில் காணவில்லை. 1956 மே 28-இல் கையொப்பமான உடன்படிக்கை 1962 ஆகஸ்டு 16-இல் அமலுக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பியவர்கள் ஆறு மாதத்திற்குள் எழுதித் தர வேண்டும்; தராதவர் இந்தியக் குடிகள். ஊர் ஒரு ராஜ்யத்தில், சிப்பாயின் ஏடு வேறொரு ராஜ்யத்தில் என்ற நிலை அன்று தொடங்கியது.

இது வெறும் கௌரவப் பிரச்னை என்று நினைப்பவர்கள் பென்ஷன் சரித்திரத்தைப் பார்க்க வேண்டும். 1959-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதிய பிரெஞ்சுச் சட்டம், பழைய பிரெஞ்சு யூனியனைச் சேர்ந்திருந்த நாடுகளின் குடிகளுக்குரிய ராணுவப் பென்ஷன்களை அன்றிருந்த அளவிலேயே உறையச் செய்தது. பிரெஞ்சுக் குடியின் பென்ஷன் விலைவாசியோடு உயர்ந்தது. அவரருகே நின்று சுட்ட மற்றவரின் பென்ஷன் அசையவில்லை. செனெகல் நாட்டு ஸார்ஜண்ட் ஒருவரைப் பற்றிய வழக்கில், இது பாரபட்சம் என்று பிரான்ஸின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2001-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி தீர்ப்பளித்தது. வட ஆப்பிரிக்கச் சிப்பாய்களின் கதையைச் சொன்ன ஒரு திரைப்படம் 2006-இல் அந்நாட்டு மனச்சாட்சியை உலுக்கிய பின்னரே அரசாங்கம் பாதி வழி இறங்கி வந்தது. முடிவாக, ஒரே நாட்டில் வாழும் இருவரிடையே குடியுரிமையை மட்டும் காரணமாகக் காட்டி வேற்றுமை பாராட்டலாகாது என்று அந்நாட்டு அரசியலமைப்புச் சபை தீர்ப்புக் கூறிய நாள் 2010 மே 28. புதுச்சேரி உடன்படிக்கை கையொப்பமான அதே தேதி. இடையில் 54 ஆண்டுகள்! 2011 ஜனவரி முதல் தேதியிலிருந்து உறைந்த பென்ஷன்கள் உருகின. ஆயினும் சட்டம் கதவைத் திறந்தாலும், உள்ளே செல்லச் சரியான ஏடு வேண்டும். பெயரும் தேதியும் ஒத்துவராதவருக்குத் திறந்த கதவும் சுவரே.

"அந்நியன் கொடிக்காகச் சண்டையிட்டவர் மெடலைப் பற்றித் தேச பக்தர்களுக்கு என்ன கவலை?" என்று சிலர் வினவலாம். வயிற்றுக்காகப் பட்டாளத்தில் சேர்ந்த ஏழைப் பிள்ளை எந்தச் சாம்ராஜ்யத்தையும் உண்டாக்கவில்லை. அவன் இரத்தத்தை வாங்கியவன் கணக்கைத் தீர்க்கட்டும் என்று கேட்பது அடிமைப் புத்தி அன்று, அதற்கு நேர்மாறானது. மேலும், நம் கொடிக்காகவே போரிட்டவர்களும் இதே ஏட்டுத் தொல்லையில் சிக்கியிருக்கிறார்கள். 1942-இல் தோன்றி, 1943-இல் நேதாஜியின் தலைமையை ஏற்ற இந்திய தேசிய ராணுவத்தில் மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர் பலர். பர்மாவிலிருந்து பின்வாங்கும் பட்டாளத்தில் ஏட்டைக் காப்பாற்ற யாருக்கு ஓய்வு? சுதந்திரப் போராட்ட வீரர்களுக்கு 1972 ஆகஸ்டு 15-இல் மத்திய சர்க்கார் பென்ஷனும் தாமிரப் பட்டயமும் அளிக்க முன்வந்தபோது, சிறைச் சான்று எங்கே, உடனிருந்தோர் சான்று எங்கே என்ற கேள்விகள் எழுந்தன. இத்தகைய கோரிக்கைகளைக் கொலை வழக்கைப்போல் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கச் சொல்லலாகாது, நிகழ்ந்திருக்கக்கூடியது எது என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் குர்தயால் சிங் வழக்கில் கூறியது. ஏட்டைக் காக்காதவன் குற்றத்தைச் சிப்பாயின் தலையில் கட்டாதீர்கள் என்பதே அதன் சாரம் என்று நான் கொள்கிறேன்.

இனி, திருத்தும் வழியைப் பார்ப்போம். சொல்தாக்களைப் பொறுத்தவரை, தென்மேற்குப் பிரான்ஸில் உள்ள போ நகரத்து ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்திலிருந்து சேவைக் குறிப்பேட்டின் நகலைக் கேட்டுப் பெறுவது முதற்படி. படைப்பிரிவுகளின் தினக்குறிப்புகள் பாரிஸை அடுத்த வின்சேன் கோட்டைக் காப்பகத்தில் இருக்கின்றன. குறிப்பிட்ட பிரிவு குறிப்பிட்ட நாளில் எங்கே இருந்தது என்பதற்கு அவையே சாட்சி. முதல் யுத்தத்தில் மாண்டவர்களைத் தேடுவோர்க்கு, 13 லட்சத்துக்கு மேற்பட்ட பெயரட்டைகளைப் பிரெஞ்சு ராணுவ இலாகா இணையத்தில் வெளியிட்டிருப்பது பேருதவி. பெயரை எத்தனை விதமாகப் பிழையாக எழுதக்கூடுமோ அத்தனை விதமாகவும் எழுதித் தேட வேண்டும் என்பதே என் யோசனை.

இந்திய ராணுவத்தில் சேவித்தவர்களுக்கு வழி அருகிலேயே உண்டு. ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் ஒரு ஆவண அலுவலகம் இருக்கிறது. மதராஸ் ரெஜிமெண்டினுடையது நீலகிரியில் வெலிங்டனில். சிப்பாயின் இடமாற்றம், காயம், மெடல் எல்லாம் படையின் தினசரி ஆணைகளில் வெளியாகி, அங்கிருந்தே சேவை ஏட்டில் ஏறுகின்றன. ஆகையால் ஆணை வெளியாகவே இல்லையா, வெளியாகியும் ஏட்டில் ஏறவில்லையா என்பதை முதலில் கண்டறிய வேண்டும். இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு. முன்னாள் படைவீரர் நலத்துறையின் மூலம் மனுச் செய்து, துறைக்குள் நியாயம் கிட்டாவிடில், 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ராணுவத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளையை நாடலாம். மெடல் கைக்கு வந்ததும் அதன் விளிம்பைப் பார்த்துக்கொள்வது நலம். நம் நாட்டு மெடல்களில் எண்ணும் பெயரும் அங்கே பொறிக்கப்பெறும்; ஏட்டுப் பிழை உலோகத்தில் ஏறிவிட்டால் அழிப்பது கடினம்.

எந்தப் படையானாலும் மூன்று விதிகள் பொது. ஒன்று, மூலப் பத்திரத்தை ஒருபோதும் தபாலில் அனுப்பலாகாது. நகலே போக வேண்டும். இரண்டு, "மெடல் தரவில்லை" என்று புலம்பி எழுதாமல், ஏட்டின் இன்ன வரியில் இன்ன தேதி பிழை, சரியானது இது, ஆதாரம் இது என்று எழுத வேண்டும். மூன்று, பல பெயர்களில் வழங்குபவரும் ஒருவரே என்பதற்கு முறையான சான்று முன்னதாகவே வாங்கி வைக்க வேண்டும்.

சிப்பாய்கள் தம் சாகசத்தைத் தாமே பேசுவதில்லை. பேசத் துணியும்போது கேட்க ஆளிருப்பதில்லை. அவர்கள் மறைந்த பிறகு, கணவன் பெயரும் கல்யாணப் பதிவும் ஒத்துவராமல் அலைபவள் அவர்கள் மனைவி. நம் வீடுகளில் பிரெஞ்சும் ஆங்கிலமும் படித்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தாத்தாவின் தகரப் பெட்டியைத் திறந்து, பழுப்பேறிய காகிதங்களைத் தேதி வாரியாக அடுக்கி, எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டுவார்களாக. "இந்தத் தேதி தப்பு, அன்றைக்கு நான் அங்கே இருந்தேன்" என்று சொல்லக்கூடிய குரல் இருக்கும்போதே அதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். காகிதம் நூறாண்டு காத்திருக்கும், குரல் காத்திராது.