திறந்தாச்சு, இனி பயமில்லையா?

கொரோனா முடக்கத்துக்கு இடையே 2020 மே 7-ஆம் தேதி சென்னைக்கு வெளியே டாஸ்மாக் மதுக்கடைகள் திறந்தன. உயர் நீதிமன்ற உத்தரவால் உடனே மூடப்பட்டு, மே 16-இல் மறுபடியும் திறந்தன. இடையில் மே 11 முதல் டீக்கடைகள் பார்சல் மட்டும் கொடுக்கலாம் என்று அனுமதி வந்தது. அந்த வாரங்களில் தெருமுனைகளில் கேட்ட பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. "அரசாங்கமே திறந்துட்டாங்க, இனி என்ன பயம்?" என்பார் ஒருவர். "எண்ணிக்கை ஏறிக்கிட்டே போகுது, இப்பப் போய்த் திறக்குறாங்களே" என்பார் இன்னொருவர். "வந்தா வரட்டும், வீட்ல அரிசி இல்ல" என்று நடையைக் கட்டுவார் மூன்றாமவர்.

நோயைப் பற்றி நாம் வைத்திருக்கும் கருத்து மருத்துவ அறிவிலிருந்து மட்டும் பிறப்பதில்லை. கையில் காசு இருக்கிறதா, வீட்டில் தனி அறை உண்டா, படுக்கையில் வயதானவர் யாரும் இருக்கிறாரா என்பதெல்லாம் சேர்ந்துதான் அதை உருவாக்குகின்றன. அதனால் அந்தப் பேச்சுகளை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. ஒவ்வொன்றிலும் உண்மை இருந்தது. உயிரைப் பறிக்கக்கூடிய பிழையும் இருந்தது.

"ஒரு வாரம் ஆச்சு, ஒண்ணும் ஆகலையே"

கொரோனா விஷயத்தில் கண் நம்மை ஏமாற்றியது இங்கேதான். கிருமி உடலுக்குள் போனதும் காய்ச்சல் வந்துவிடாது. இரண்டு நாளும் ஆகலாம், பதினான்கு நாளும் ஆகலாம். பலருக்கு ஐந்து நாள் அளவில் அறிகுறி தெரிந்தது. நோய் முற்றியவர்களுக்கு மூச்சுத் திணறல் பெரும்பாலும் அதற்கும் அடுத்த வாரத்தில் வந்தது. பரிசோதனை, முடிவு, பட்டியல் என்று இன்னும் சில நாள் ஓடும். ஆகவே இன்று மாலை வரும் எண்ணிக்கை இன்றைய நிலவரம் அல்ல. ஒன்றிரண்டு வாரம் முன்பு நடந்ததன் விளைவு. இறப்பு எண்ணிக்கை அதைவிடப் பின்தங்கி வரும்.

சென்னையின் கோயம்பேடு காய்கறிச் சந்தையை நினைத்துப் பாருங்கள். சென்னை, கோவை, மதுரையில் ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு முடக்கம் என்று அறிவித்ததும், 25-ஆம் தேதி காய்கறிக்கும் மளிகைக்கும் மக்கள் முண்டியடித்தார்கள். அன்று யாருக்கும் ஒன்றும் ஆனதாகத் தெரியவில்லை. மே 5-இல் கோயம்பேடு சந்தையை மூடும் நிலை வந்தது. அதற்குள் அங்கு வேலை பார்த்தவர்கள் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று சொந்த ஊர்களுக்குத் திரும்பியிருந்தார்கள். அதுவரை ஓரளவு அமைதியாக இருந்த மாவட்டங்களில் தொற்று திடீரென ஏறியது. அவர்கள்மேல் பழி சொன்னவர்கள் உண்டு. கூலியும் இல்லாமல் தங்க இடமும் இல்லாமல் போனவர் ஊருக்குத் திரும்பாமல் வேறெங்கே போவார்? பிழை, நெரிசலை உண்டாக்கிய அவசர அறிவிப்பில் இருந்தது.

திறப்பதற்கு ஓர் அரசு சொல்லும் காரணங்களில் மருத்துவமனைப் படுக்கைகள் தாங்குமா, மக்கள் பிழைப்பு இனியும் தாங்குமா என்பவையும் அடங்கும். கிருமி போய்விட்டது என்பது அந்தக் காரணங்களில் பெரும்பாலும் இருக்காது. சென்னையையும் சுற்றியுள்ள பகுதிகளையும் ஜூன் 19 முதல் மறுபடியும் முடக்க வேண்டிவந்ததை மறக்க வேண்டாம்.

"தெரிஞ்சவங்கதானே"

பேருந்தில் முகக்கவசம் போட்டவர்கள் கல்யாண வீட்டில் கழற்றினார்கள். கடைக்காரரிடம் ஆறடி தள்ளி நின்றவர்கள் துக்க வீட்டில் தோளில் சாய்ந்து அழுதார்கள். அந்நியரிடமிருந்து நோய் வரும், உறவிடமிருந்து வராது என்ற எண்ணம் நம்மில் ஆழமாக ஊறியிருக்கிறது. கிருமிக்கோ நெருக்கமும் நேரமும் மூடிய அறையும் போதும். உறவுகள் கூடும் இடத்தில் இவை மூன்றும் அமைந்துவிடுகின்றன.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச் 10-ஆம் தேதி ஒரு சேர்ந்திசைக் குழு ஒத்திகை நடத்தியது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் ஒருவருக்குச் சளித் தொந்தரவு இருந்தது. இரண்டரை மணி நேரம் சேர்ந்து பாடினார்கள். மொத்தம் 53 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். பாடும்போதும் உரக்கப் பேசும்போதும் வாயிலிருந்து நுண்துளிகள் அதிகம் கிளம்புகின்றன. ஊதுபத்திப் புகையைப் போல அவை மூடிய அறையில் தேங்கும், மொட்டைமாடியில் கலைந்துவிடும்.

இதைப் புரிந்துகொள்ளாமல் நாம் எவ்வளவு உழைப்பை வீணாக்கினோம்! 2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூரில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள். பல ஊர்கள் அதைப் பின்பற்றின. மனிதர்கள்மேல் மருந்து தெளிப்பது பயனற்றது, தீங்கும் தரும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அதே மாதம் எச்சரித்தது. கடை வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டிய வெப்பமானியும் பாதி ஆறுதல்தான். அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே ஒருவரிடமிருந்து தொற்று பரவத் தொடங்கிவிடுகிறது. அந்த வாசலில் செலவழித்த அக்கறையை உள்ளே சன்னலைத் திறப்பதில் காட்டியிருக்கலாம்.

"அவருக்கு ஏற்கெனவே சுகர் இருந்ததாம்"

இறப்புச் செய்தி வந்ததும் அடுத்த மூச்சில் இதைச் சொல்லி நம்மை நாமே தேற்றிக்கொண்டோம். அரசின் அன்றாட அறிக்கையும் இணைநோய் உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்துக் காட்டியது. வயதும் நீரிழிவும் இதய நோயும் ஆபத்தைக் கூட்டுவது உண்மைதான். ஆனால் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாத குடும்பத்தைத் தமிழ்நாட்டில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு இன்னும் இருபது வருடம் பேரப்பிள்ளைகளோடு இருந்திருக்க வேண்டியவர்கள் அப்படி இறந்தவர்கள். இளைஞர் ஒருவர் தனக்கு ஆபத்து குறைவு என்று நினைத்தது பெரும்பாலும் சரி. அவர் மாலையில் திரும்பிப் போனது யார் இருந்த வீட்டுக்கு என்பதுதான் விடுபட்டுப்போன கேள்வி.

"எல்லாருக்கும் வந்துட்டுப் போயிடுச்சு"

இந்தக் கருத்துதான் நமக்கு மிகப் பெரிய விலையைக் கேட்டது. 2020 ஜூலையில் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில் ஐந்தில் ஒன்றுக்குச் சற்று அதிகமானவற்றில் நோய் எதிர்ப்பொருள் தெரிந்தது. கணக்கில் வந்ததைவிடப் பல மடங்குப் பேருக்குத் தொற்று வந்துபோயிருக்கிறது என்று அதற்குப் பொருள். ஐந்தில் ஏறக்குறைய நால்வரைத் தொற்று இன்னும் தொடவில்லை என்றும் அதே எண் சொன்னது. நாம் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டோம்.

2021 ஜனவரியில் பொங்கல் படங்களுக்காகத் திரையரங்குகளில் முழு இருக்கைக்கும் அனுமதி தந்து, எதிர்ப்பு எழுந்ததும் அரசு திரும்பப் பெற்றது. பிறகு தேர்தல் கூட்டங்கள் வந்தன. முதல் அலையின் உச்சத்தில் தமிழ்நாட்டின் ஒரு நாள் எண்ணிக்கை ஏழாயிரத்தை ஒட்டி இருந்தது. 2021 மே 21-இல் அது 36 ஆயிரத்தைத் தாண்டியது. ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. அப்போது பரவிய டெல்டா திரிபு முன்னதைவிட வேகமாகப் பரவக்கூடியது என்பதும் ஒரு காரணம். தொற்று குறைந்த மாதங்களில் தடுப்பூசிக்கும் ஆக்சிஜனுக்கும் ஓடியிருக்க வேண்டிய நேரத்தை நிம்மதியில் கழித்தோம் என்பதும் ஒரு காரணம்.

"வந்தா வரட்டும், வீட்ல அரிசி இல்ல"

இதற்கு மருத்துவரிடம் பதில் இல்லை. அரிசி வாங்கும் குடும்ப அட்டைக்கு அரசு உதவியாக ஆயிரம் ரூபாய் கிடைத்தது. தினக்கூலிக் குடும்பத்துக்கு அது எத்தனை நாள் வரும்? பசியையும் நோயையும் எடைபோட்டுப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னவர் வெளியே வந்தார். வீட்டு வேலைக்கு வருபவரை முகக்கவசத்தோடு வரச் சொல்லிவிட்டு, தான் மட்டும் கவசமின்றி உள்ளே நின்று பேசிய குடும்பங்களும் இருந்தன. ஆபத்து இரண்டு பக்கமும் போகும் என்று அங்கே யாரும் எண்ணவில்லை.

"காய்ச்சல் இருந்தால் வீட்டிலேயே இருங்கள்" என்பது இன்றைக்கும் மிகச் சிறந்த அறிவுரை. சம்பளம் பிடிக்கமாட்டார்கள் என்ற உறுதி இருந்தால்தான் அதைக் கடைப்பிடிக்க முடியும். ஃப்ளூ பரவும் மாதங்களில் வேலைக்காரர், ஓட்டுநர், கடைப் பையன் என்று யாரையாவது வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அந்த இரண்டு மூன்று நாள் கூலியைக் கொடுத்துவிடலாம். எந்தக் கிருமிநாசினியையும்விட அது அதிகம் தடுக்கும்.

எதை முதலில் திறப்பது?

தமிழ்நாட்டில் 2020 மார்ச் 17 முதல் பள்ளிகள் மூடின. மதுக்கடைகள் மே மாதத்திலும் திரையரங்குகள் நவம்பரிலும் திறந்தன. ஒன்றாம் வகுப்புக் குழந்தை பள்ளிக்குள் கால் வைத்தது 2021 நவம்பர் 1-இல். எல்லா வயதினரிலும் குழந்தைகளுக்குத்தான் இந்த நோயால் உயிராபத்து மிகக் குறைவு; மூடலால் அதிகம் இழந்தவர்களும் அவர்கள்தான். எழுத்து மறந்தார்கள், சத்துணவை இழந்தார்கள், சிலர் வேலைக்குப் போனார்கள், சிறுமிகள் சிலருக்குக் கல்யாணமே முடிந்தது. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தது.

வீட்டில் தாத்தா பாட்டி இருக்கிறார்களே என்ற கவலை நியாயமானதுதான். அதற்குத் தீர்வாகச் சுழற்சி முறை வகுப்பு, மரத்தடி வகுப்பு, முதியவர்களுக்கு முதலில் தடுப்பூசி என்று வழிகள் இருந்தன. உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழு அடுத்துக் கூடும்போது வகுப்பறைகளின் சன்னல்கள் திறக்கின்றனவா, குறுக்குக் காற்று வருகிறதா, உடம்பு சரியில்லாத பிள்ளையை வருகைப்பதிவுக்காக வரவழைக்கிறார்களா என்று கேளுங்கள். துருப்பிடித்த கொக்கிகளை மாற்றப் பெரிய நிதி தேவையில்லை. அடுத்த விடுமுறையிலேயே செய்துவிடலாம்.